வேளச்சேரியைத் தாண்டி மாட வீதிக்கு

நவராத்திரிக்கு நாலு நாள் இருக்கையில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கடக்க வேண்டுமானால் பொறுமை வேண்டும். நடைபாதை முழுக்கப் பொம்மை. வைக்கோல் சுற்றி வந்த தசாவதாரம், பந்தியில் உட்கார்ந்த கல்யாண கோஷ்டி, கிரிக்கெட் மட்டை பிடித்த பிள்ளையார், செட்டியார் தம்பதி, மரப்பாச்சி. பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் சரக்கோடு வந்த வியாபாரிகள் தார்ப்பாய் கட்டி அதன் அடியிலேயே பொழுதைக் கழிக்கிறார்கள். ஆயிரத்து இருநூறில் தொடங்கும் விலை எண்ணூறில் முடிவதற்குள், வாங்குபவர் இரண்டு தடவை பத்தடி நடந்துபோய்த் திரும்பி வந்திருப்பார்.

இந்தக் கூட்டத்தில் இருப்பவர்கள் மயிலாப்பூர்க்காரர்கள் மட்டும் இல்லை. மேடவாக்கத்திலிருந்து காரில் கிளம்பிய ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். வரும் வழியில், வேளச்சேரி பிரதான சாலையில், ஃபீனிக்ஸ் மார்க்கெட்சிட்டி இருக்கிறது. 2013 ஜனவரியில் திறந்த பெரிய மால். உள்ளே குளிர்சாதனம், லிஃப்ட், கழிப்பறை, கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. அதைத் தாண்டி, கிண்டி நெரிசலைத் தாண்டி, மாட வீதிக்கு நாலு தெரு முன்பே காரை எங்கோ ஓரங்கட்டிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து, தெருவில் குனிந்து பொம்மை பொறுக்குகிறார்கள். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்று பொம்மைக்குப் பேர்போன ஊர் ஒன்று உண்டு. வேளச்சேரி வாசிகள் விளாச்சேரி பொம்மையைத் தேடி மயிலாப்பூருக்கு வருகிறார்கள் என்றால் வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றும். சென்னையின் கடைத்தெருக்களில் கூட்டம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மேல்நாட்டில் இது நேர் எதிராக நடந்தது. 1956ல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், எடைனா என்ற புறநகரில், சவுத்டேல் என்ற வணிக வளாகம் திறந்தது. மேலே கூரை, உள்ளே ஒரே சீரான தட்பவெப்பம், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கார் நிறுத்துமிடம். இன்றைய மால்களுக்கெல்லாம் மூத்தது அதுதான். வரைந்தவர் விக்டர் க்ரூயன், வியன்னாவிலிருந்து குடியேறிய கட்டடக் கலைஞர். தன் ஊரின் கடைவீதியைப் போல ஜனங்கள் நடந்து திரிந்து பேசிப் பழகும் இடத்தைப் புறநகருக்குத் தர வேண்டும் என்பது அவர் ஆசை. நடந்ததோ வேறு. நகரத்து ஜனங்கள் கார் ஏறி ஊருக்கு வெளியே போய் வாங்கப் பழகினார்கள். நடு ஊர்க் கடைத்தெருக்கள் காலியாயின. கடைசிக் காலத்தில் க்ரூயனே இந்த மால்களைத் தன் பிள்ளைகள் என்று ஏற்க மறுத்தார். இங்கிலாந்தில் 1996க்குள் அரசாங்கமே விழித்துக்கொண்டு, பெரிய கடை கட்ட நடு ஊரில் இடம் இருக்கிறதா என்று முதலில் பார், இல்லாவிட்டால்தான் வெளியே என்று திட்ட விதியை இறுக்க வேண்டியிருந்தது.

சென்னையில் அப்படி ஒரு விதி தேவைப்படவில்லை. ஊருக்கு வெளியே குடிபோனவர்கள் சாமான் வாங்க உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் இந்த ஊருக்கு மால் புதிதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெயரான ஸ்பென்சர், அண்ணா சாலையில் ஸ்பென்சர் பிளாசாவாக மறுபிறவி எடுத்தபோது இந்தியாவின் முதல் மால்களில் ஒன்று என்ற பெருமை சென்னைக்கு வந்தது. 1990களில் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே சுற்றாத சனிக்கிழமை இல்லை. 2006ல் மயிலாப்பூரிலேயே, ராதாகிருஷ்ணன் சாலையில், சிட்டி சென்டர் வந்தது. 2010ல் ராயப்பேட்டையில் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை இருந்த தோட்டத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ எழுந்தது. பிறகு வடபழனி, வேளச்சேரி, 2018ல் அண்ணா நகர்ப் பக்கம் வி.ஆர். சென்னை. ஒவ்வொன்றும் திறந்தபோது முந்தையதன் கூட்டத்தைக் கொண்டுபோனது. ஸ்பென்சர் பிளாசாவின் நடைக்கூடத்தில் இன்று காலடி எதிரொலிக்கிறது. மாலுக்குப் போட்டி அடுத்த மால்தான்; அண்ணாச்சி கடையோ மாட வீதியோ அல்ல.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள விலைப்பட்டியலைப் பார்க்க வேண்டாம்; உடுப்பைப் பார்த்தால் போதும். தெருமுனை மளிகைக் கடைக்கு நைட்டிமேல் துப்பட்டா போட்டுக்கொண்டு போகலாம், கைலியோடும் போகலாம். தி.நகருக்குப் போவதென்றால் பின் குத்திய புடவை, வழுக்காத செருப்பு, கழுத்தில் அதிகம் நகை கிடையாது, கைப்பை மார்போடு அணைத்து. மாலுக்கு? அங்கே போவதற்கென்றே பிள்ளைகள் சட்டை வைத்திருக்கிறார்கள். மாலில் வாங்குவதைவிடப் பார்ப்பதும் பார்க்கப்படுவதும் முக்கியம். வாசலில் கார் நுழையும்போதே மணிக்கணக்கில் கட்டணம் ஓடத் தொடங்குகிறது. பொருள் வாங்கும் முன்பே நேரத்தை விலைக்கு வாங்கியாகிவிட்டது. அந்த நேரம் சினிமாவுக்கும், குழந்தைகள் குதிக்கும் விளையாட்டுக் கூடத்துக்கும், உணவுக் கூடத்தில் ஆளுக்கொரு தட்டோடு மேஜை தேடுவதற்கும் போகிறது. சட்டைத் துணியைத் தடவிப் பார்த்து, விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்து, செல்போனில் அதே சட்டை என்ன விலை என்றும் பார்த்து, மெல்ல வெளியே வருவதைத் தப்பாக எடுத்துக்கொள்பவர் அங்கே யாரும் இல்லை. தமிழில் அதற்கு நல்ல பழைய சொல் இருக்கிறது: வேடிக்கை பார்ப்பது. கோயில் திருவிழாவும் பொருட்காட்சியும் செய்துவந்த வேலையில் ஒரு பங்கை மால் எடுத்துக்கொண்டது. வெயில் காலத்தில் அது பெரிய பங்கு.

தி.நகர் கதை வேறு. அது எந்த வகை என்று சொல்வதே கஷ்டம்.

1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், நீண்ட ஏரி ஒன்றைத் தூர்த்து மாம்பலத்தில் குடியிருப்பு மனைகள் போட்டார்கள். தியாகராய செட்டியார் பெயரில் தியாகராய நகர். பனகல் அரசர் பெயரில் நடுவே பூங்கா. கடைத்தெருவுக்கு டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயர், ஜனங்கள் வாயில் அது பாண்டி பஜார். மரநிழல் சாலைகளும் தோட்டம் வைத்த வீடுகளுமாகத் திட்டமிட்ட பேட்டை. அங்கே குடிவந்தவர்களுக்குப் பட்டு விற்க 1928ல் நல்லி சின்னசாமி செட்டி கடை போட்டபோது அது பேட்டைக் கடைதான். நூறாண்டு நெருங்கும்போது, அந்தப் பேட்டையே தமிழ்நாட்டுக்குப் பொதுக் கடையாகிவிட்டது.

காரணம் ரயில். மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நாலு எட்டு வைத்தால் ரங்கநாதன் தெரு. தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து புறநகர் மின்ரயில் ஏறினால் கார் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். செங்கல்பட்டுக் குடும்பத்துக்கு தி.நகர்தான் ‘ஊருக்கு வெளியே உள்ள மால்’. காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்பி, கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை, மாப்பிள்ளை வேட்டி, சீர்ப் பாத்திரம், நாத்தனார்களுக்கு வரிசைப் புடவை என்று பட்டியல் போட்டு முடித்து, இரவு ரயிலுக்குத் திரும்புகிறார்கள். அதே தெருவின் பின்பக்கம் குடியிருப்பவருக்கோ அது பால் வாங்கப் போகும் வழி. ஒரே தெரு ஒருவருக்குப் பேட்டைக் கடை, இன்னொருவருக்கு வருடத்தில் இரண்டு தடவை போகும் யாத்திரை.

1931ல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர், இரண்டு ஊர்களுக்கு நடுவே இருப்பவர் எந்த ஊர்க் கடைக்குப் போவார் என்று கணக்கிட நியூட்டனைத் துணைக்கு அழைத்தார். ஊர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு இழுப்பு. தூரம் கூடக்கூட இழுப்பு வேகமாகக் குறையும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி. புவியீர்ப்பு மாதிரியேதான். சென்னையில் இந்தச் சூத்திரத்தைப் போட்டுப் பார்ப்பவர் முதலில் தூரத்தை எதில் அளப்பது என்று முடிவு செய்ய வேண்டும். கிலோமீட்டரில் அளந்தால் அடையாற்றுக்காரருக்கு வேளச்சேரியும் தி.நகரும் எட்டிவிடும் தூரம்தான். சிக்னலில் அளந்தால் கணக்கு மாறும்; ரயிலில் அளந்தால் மறுபடி மாறும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். தி.நகர் பேருந்து நிலையம் வரை போய்வரச் செலவு சுழி என்றால், நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போவதும் லாபம்தான். மால் வாசலில் நேரத்துக்குக் கட்டணம் ஓடுகிறது. இங்கே நேரம் எவ்வளவு போனாலும் யாரும் கேட்பதில்லை.

மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரிக்கும் ரயில் இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். திருமயிலை ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் வேளச்சேரியில் இறங்கலாம், 2007லிருந்தே ஓடுகிறது. ஆனால் இறங்கிய பிறகு மாலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். மாலுக்கு ரயிலில் போவது என்ற எண்ணமே மயிலாப்பூர் குடும்பங்களுக்கு அவ்வளவாகத் தோன்றுவதில்லை. மாம்பலத்தில் ரயிலும் கடையும் ஒட்டிப் பிறந்தவை. அங்கே நெரிசலைக் குறைக்க 2023 மே மாதம் ஸ்டேஷனையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். நடக்க வசதி, கீழே ரங்கநாதன் தெருவில் கூட்டம் அதனால் வற்றிவிடவில்லை. தெருவுக்கென்றே வந்தவர்கள் தெருவுக்கு மேலே நடந்து போய் என்ன செய்வார்கள்?

மாலுக்கும் தி.நகருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் உட்கார்வது. மாலில் எங்கு பார்த்தாலும் உட்கார இடம், வாங்குவது கொஞ்சம். தி.நகரின் ஏழு மாடி, எட்டு மாடிக் கடைகளில் ஒரே கூரைக்குக் கீழ் ஊசி முதல் பீரோ வரை கிடைக்கும். உட்கார இடம் இருக்காது. பட்டுப் புடவைப் பிரிவின் ஜமக்காளம் ஒன்றுதான் விதிவிலக்கு. அங்கே உட்காரவைத்து, நூறு புடவை பிரித்துப் போட்டு, காபியும் கொடுப்பார்கள். மற்ற மாடிகளில் கணவன்மார்கள் படிக்கட்டின் திருப்பத்தில் கட்டைப்பைகளைக் காவல் காத்து நிற்பார்கள். வாங்குபவர் நிற்பது சில மணி நேரம். விற்பவர் நிற்பது நாள் முழுக்க. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010ல் வந்தபோது, ரங்கநாதன் தெருக் கடைகளில் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் படும் பாட்டை, அங்கே வருடக்கணக்காக வாங்கியவர்கள் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார்கள். 2021ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தது. உட்கார உரிமைக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பது அந்தத் தெருவின் வரலாற்றில் ஒரு வரி.

இன்னொரு வரி நெருப்பு. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவின் சரவணா ஸ்டோர்ஸில் பிடித்த தீயில் ஊழியர் இருவர் இறந்தனர். 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்து, ஒரு பகுதி சரிந்து, கடைசியில் முழுவதும் இடிக்கப்பட்டது. நடுவில் 2011ல் விதிமீறிய கட்டடங்களுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் தி.நகரின் காலம் முடிந்தது, இனி வியாபாரம் புறநகருக்குப் போய்விடும் என்ற பேச்சு எழுந்தது. வியாபாரிகளும் புறநகருக்குப் போனார்கள், குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் தி.நகரின் பெரிய பெயர்கள் பல இன்று வரிசையாக நிற்கின்றன. தீபாவளிச் சட்டையும் மிக்ஸியும் அங்கேயே வாங்குகிறார்கள். கல்யாணப் பட்டு என்றால் மட்டும் ‘கிளையில அவ்வளவு ரகம் இருக்காது’ என்று சொல்லி ரயிலேறி வருகிறார்கள். அது உண்மையா என்று யாரும் சோதித்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. சோதித்துப் பார்ப்பதில் ஆர்வமும் இல்லை. அரை நாள் தி.நகரில் அலையாமல் கல்யாணம் நிச்சயமான மாதிரியே இருக்காது.

தெருவையே மால் மாதிரி ஆக்கினால் என்ன என்ற யோசனையும் எழுந்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை, மரத்தைச் சுற்றி இருக்கை, குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் என்று நடைபாதை வளாகம் திறந்தது. பக்கத்தில் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பாண்டி பஜாரின் நடைபாதையில் வளையலும் ஹேர்கிளிப்பும் ரெடிமேடும் விற்றவர்களை 2013ல் மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். நடந்துபோகிற போக்கில் கண்ணில் பட்டு, கையில் எடுத்து, பேரம் பேசி வாங்குகிற பொருளுக்கு யார் மாடி ஏறி வருவார்கள் என்று அவர்கள் அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாற்பது ரூபாய்த் தோட்டை யாரும் திட்டம் போட்டு வாங்குவதில்லை. நடைபாதையை அகலப்படுத்தியபோது, நடப்பவர்களை நிறுத்திவைத்த காரணங்களில் ஒன்று மாடிக்குப் போயிருந்தது.

பழக்கம் என்ற சொல்லுக்கு முழு அர்த்தம் வேண்டுமென்றால் மறுபடி மயிலாப்பூருக்குத்தான் வர வேண்டும். காலை ஏழு மணிக்கு மாட வீதியில் கீரைக்கட்டு, வாழைப்பூ, தேங்காய். முதல் வாடிக்கைக்காரரிடம் ‘போணி பண்ணிட்டுப் போங்க’ என்று கொஞ்சம் விலை இறங்கும்; கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவருக்கு இன்னும் கொஞ்சம் இறங்கும். பூ முழத்தில் விற்கிறது. அந்த முழம் விற்பவரின் கையா வாங்குபவரின் கையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. நெல்லிக்காய் கூறு போட்டிருக்கும். எல்லாம் எடை போட்டு, கணக்குச் சொல்லி, காசு வாங்கிய பிறகு, கேட்டும் கேட்காமலும் பையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் விழுகிறதே, அதுதான் கொசுறு. பணம் வந்துவிட்டதைச் சின்ன ஒலிப்பெட்டி இப்போது உரக்க அறிவிக்கிறது. அறிவித்து முடிந்ததும் கொசுறும் விழத்தான் செய்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் கறிவேப்பிலை தனிப் பொட்டலம், தனி விலை. இருபது கிராம் கறிவேப்பிலைக்குப் பில் போட்டதைப் பார்த்த மயிலாப்பூர்ப் பாட்டிகள் அந்தக் கடைக்குப் பிறகு போனார்களா என்பது விசாரிக்க வேண்டிய விஷயம்.

மாட வீதிகளின் பலம் காய்கறியில் மட்டும் இல்லை. சன்னதித் தெருவில் ராசி பட்டுக்கடை 1906லிருந்து இருக்கிறது. கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடையில் தீபாவளி லேகியத்துக்கும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக்கும் சரக்கு எடுத்துத் தருவார்கள். பேரைச் சொன்னால் போதும், அளவு அவர்களுக்குத் தெரியும். கோயிலுக்குப் பக்கத்தில் கிரி டிரேடிங்கில் ஸ்லோகப் புத்தகமும் பூணூலும். தெற்கே போனால் அப்பளம், வடக்கே வந்தால் பரதநாட்டிய நகை, நடுவில் களைத்தவர்களுக்குக் காளத்தி கடை ரோஸ் மில்க். இவற்றில் பலவற்றை எந்த மாலும் விற்காது. சதுர அடிக்கு மால் கேட்கும் வாடகையை, சுக்கும் திப்பிலியும் விற்றுக் கொடுக்க முடியாது. இணையத்தில் கிடைக்கலாம். ஆனால் எந்த லேகியம், எவ்வளவு, எத்தனை நாள் என்று எதிரே நின்று கேட்கத் தோன்றும் பொருள்கள் இவை. இதனால்தான் மேடவாக்கமும் சிறுசேரியும் இங்கே வருகின்றன.

அடையாறு இன்னொரு விதம். அங்கே பழைய மாட வீதி இல்லை. காந்தி நகர், சாஸ்திரி நகர், பெசன்ட் நகர் என்று பிற்காலக் குடியிருப்புகள், எல்.பி. சாலையில் கடைகள். எனவே சூப்பர் மார்க்கெட் பழக்கம் இந்தப் பக்கம் எளிதாக ஒட்டிக்கொண்டது. கூட்டுறவு முறையில் அதற்கு முன்னோடி சென்னையிலேயே உண்டு: 1904ல் தொடங்கிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம். பேட்டைக்குப் பேட்டை கிளை வைத்து, நியாய விலையில் நல்ல அரிசி பருப்பு என்று மத்தியதரக் குடும்பங்களைப் பழக்கியது. அதன் காமதேனு கடைகள் பிறகு வந்தவை. 1996ல் ஃபுட்வேர்ல்ட் சென்னையில் முதல் கடையைத் திறந்து, வண்டி தள்ளிக்கொண்டு தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் வித்தையைக் கற்றுக்கொடுத்தது. அடுத்த வருடமே திருவான்மியூரில் சுபிக்‌ஷா. குளிர்சாதனம் கிடையாது, பளபளப்பு கிடையாது. விலை குறைவு, வீட்டுக்குப் பக்கம், கூடவே மருந்தும் தள்ளுபடியில். ஊருக்கு வெளியே ஒரு பெரிய கடை வைப்பதற்குப் பதில் ஊருக்குள் நூறு சின்னக் கடை என்பது அதன் கணக்கு. சென்னையை அது சரியாகப் படித்திருந்தது. பிறகு நாடு முழுக்கச் சுமார் 1,600 கடை என்று பரந்து, கையில் ரொக்கம் தீர்ந்து, 2009ல் ஷட்டர் இறங்கியது. சரக்கு இல்லாத அலமாரிகளை அடையாறுவாசிகள் சில மாதம் பார்த்துவிட்டு, தெருமுனை அண்ணாச்சியிடம் எதுவும் நடக்காத மாதிரி திரும்பிப் போனார்கள். அண்ணாச்சியும் எதுவும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதில்தான் அந்தக் கடையின் சூட்சுமம். மாதச் சாமான் பட்டியலை முதல் தேதி வாக்கில் எழுதிக் கொடுத்தால், பையன் சாயங்காலம் சைக்கிளில் கொண்டுவந்து போடுவான். அந்தப் பட்டியல் இப்போது வாட்ஸ்அப்பில் கையெழுத்துப் படமாகப் போகிறது. மற்றபடி மாற்றம் இல்லை. ‘போன மாசம் வாங்கின துவரம் பருப்பு வேகவே இல்ல அண்ணாச்சி’ என்றால் மாற்றித் தருவார். கையில் காசு இல்லாத வாரம் கணக்கு நோட்டு இருக்கிறது. நகரத்தின் மற்றக் கடனெல்லாம் கையெழுத்தும் ஆதாரும் கேட்கும். இங்கே முகம்தான் ஆதாரம்.

அந்த முகமறிந்த கடை நிற்பதே, அசலாக ஊருக்கு வெளியே அனுப்பப்பட்ட ஒரு சந்தையின் மேல்தான். ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் நெருக்கியடித்துக் கிடந்த காய்கனி மொத்த வியாபாரத்தை 1996ல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். மாட வீதிக் கீரையும் அடையாற்றுத் தள்ளுவண்டித் தக்காளியும் விடிவதற்கு முன் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. நாள் தவறாமல் அந்தத் தூரத்தை நமக்காகப் போய்வருபவர்கள் சில்லறை வியாபாரிகள். 2020 மே மாதம், கொரோனா பரவியதால் கோயம்பேட்டை மூடி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்குத் தள்ளியபோது, அவர்கள் கால்தான் முதலில் ஒடிந்தது. ஆனால் அதே மாதங்களில் மால்கள் மொத்தமாகப் பூட்டிக் கிடக்க, தெருவுக்குத் தெரு வண்டியில் காய் வந்தது. பக்கத்துக் கடை எதற்கு என்று அதுவரை யோசிக்காதவர்களும் யோசித்த காலம் அது.

அரசியலும் இதைச் சுற்றி ஓடியிருக்கிறது. பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அன்னிய முதலீட்டுக்கு மத்திய அரசு 2012ல் கதவு திறந்தபோது, தமிழ்நாட்டுக்குள் விடமாட்டேன் என்று முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். எதிர்க்கட்சிகளில் பலவும் வணிகர் பக்கமே நின்றன. மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்து மாநாடு கூட்டும் வணிகர் சங்கங்களின் வாக்கு எடை எல்லோருக்கும் தெரியும்.

இப்போது வந்திருக்கும் போட்டி வேறு தினுசு. செல்போன் செயலியில் தட்டினால் பத்து நிமிடத்தில் கொத்தமல்லி. அடையாற்றின் உள்தெருக்களில் பெயர்ப்பலகை பெரிதாக இல்லாத, வாடிக்கையாளர் நுழைய முடியாத கிடங்குகள். வாசலில் வண்டியோடு காத்திருக்கும் இளைஞர்கள். கணக்குப்படி பார்த்தால் இது பேட்டைக் கடையேதான்: இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் பத்து நிமிடம் செல்லும். வெளிநாட்டு முதலீட்டுக்கு எதிராக முஷ்டி உயர்த்தியவர்கள் கண்ணில் படாமல், அது தெருவுக்குள்ளேயே வந்து வாடகைக்கு அமர்ந்துவிட்டது. மாதச் சாமான் பட்டியல் இதில் மெல்லக் கரைகிறது. ஒன்றாம் தேதி யோசித்து எழுதியது போய், ரசம் கொதிக்கையில் பெருங்காயம் தீர்ந்ததைக் கண்டு போனை எடுப்பது வந்துவிட்டது. அண்ணாச்சிக்கு மால் செய்யாத சேதத்தை இது செய்யக்கூடும். சில அண்ணாச்சிகள் பதிலுக்குத் தாங்களும் ஆள் வைத்து அரை மணியில் அனுப்புகிறார்கள். கொசுறு மட்டும் எந்தச் செயலியிலும் இன்னும் ஏறவில்லை.

மயிலாப்பூர் லஸ்ஸிலும் தி.நகர் பனகல் பூங்காவிலும் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகத் தகரத் தடுப்பு எழுந்த பிறகு நடைபாதை வியாபாரிகள் பத்தடி இந்தப்பக்கம், இருபதடி அந்தப்பக்கம் என்று கடையை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். வாடிக்கைக்காரர்களும் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அந்த மேடவாக்கம் குடும்பம் இரவு எட்டரைக்குத் திரும்புகிறது. செய்தித்தாள் சுற்றிய கிருஷ்ணன் பின்சீட்டில் பாட்டி மடியில். பத்தமடைப் பாய் விரித்த மாதிரி குட்டி ஊஞ்சல் ஒன்று டிக்கியில், கட்டைப்பைக்குள், முருங்கைக்காயோடு. வேளச்சேரி சாலையில் மால் விளக்கு தெரிந்ததும் பையனுக்கு ஐஸ்கிரீம் ஞாபகம் வருகிறது. பெரியவர்களுக்கும் பசி, கழிப்பறையும் வேண்டியிருக்கிறது. கார் உள்ளே திரும்புகிறது. இரண்டு மணி நேரம் கழித்து அவர்கள் வெளியே வரும்போது கையில் பை எதுவும் இல்லை. கீழ்த்தளத்தில் கார் நிறுத்திய கட்டணத்தைக் கட்டும்போது பாட்டி தொகையைக் கேட்டு, அதே காசுக்கு மாட வீதியில் என்ன பொம்மை கிடைத்திருக்கும் என்று சொல்லத் தொடங்குகிறார். பையன் தூங்கிவிட்டான்.